கேஷல் தெருக் கடைவீதி மறுகட்டுமானம்: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரின் நடுவே, கேஷல் தெருவை ஒட்டிய நம் மனைகளில், நிலநடுக்கத்தில் இழந்த கடைகளை மீண்டும் எழுப்பும் பொறுப்பை நம் சங்கத்தின் பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்திருந்தது. அப்பணி நிறைவடைந்தது. கட்டடம் விதிகளின்படி கட்டப்பட்டிருக்கிறது என்ற நகர மன்றத்தின் இறுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கடைகளின் சாவிகளும் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளரின் கையொப்பத்துடன் தனியே அனுப்பப்பட்டிருப்பதால், தொகைகளை இங்கே திரும்ப எழுதவில்லை. எந்த முடிவை எதனால் எடுத்தோம், இத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதைச் சொல்வதே இவ்வறிக்கையின் வேலை. சுவர் எழுப்ப ஆன காலத்தைவிட, எழுப்பும் உரிமையைப் பெற ஆன காலமே நீண்டது. அந்த இடைக்காலத்தில் நம் சிறுகடைக்காரர்கள் தொழிலைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டதைப் பணிக்கு முந்தைய ஏற்பாடாக அல்ல, பணியின் சரிபாதியாகவே இக்குழு கருதுகிறது.

2010 செப்டம்பர் 4 அன்று அதிகாலையில் 7.1 அளவில் நிலம் நடுங்கியபோது கடைவீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. செங்கல் சுவர்கள் பல இடங்களில் விரிசல் விட்டன, முகப்புகள் தளர்ந்தன, சில நாட்களில் பெரும்பாலானோர் கடையைத் திறந்துவிட்டோம். 2011 பிப்ரவரி 22 செவ்வாய்க்கிழமை பகல் 12.51-க்கு வந்த அதிர்வு 6.3 அளவுதான் என்றாலும், அதன் மையம் லிட்டல்டன் துறைமுகத்தின் அருகே, நிலத்துக்கு அடியில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. மதிய உணவு நேரத்தில், தெருவில் கூட்டம் நிறைந்திருந்தபோது, ஏற்கெனவே தளர்ந்திருந்த முகப்புகள் நடைபாதையின்மேல் சரிந்தன. நகரெங்கும் 185 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 115 பேர் மெட்ராஸ் தெருவில் இடிந்து விழுந்த ஒரே ஆறு மாடிக் கட்டடத்தில் மாண்டவர்கள். 1850-இல் இந்நகரை அளந்தவர்கள் ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டினார்கள். மெட்ராஸ், கொலம்போ என்ற பெயர்கள் அப்படித்தான் இங்கு வந்தன. நம்மில் பலருக்கு நெருக்கமான அந்தப் பெயரைத் தாங்கிய தெருவே அதிகமான உயிர்களை இழந்த தெருவாகவும் ஆனது என்பதை எழுதும்போது கை நடுங்கவே செய்கிறது.

அன்றே நகர மையம் வேலியிட்டு மூடப்பட்டது. சிவப்பு மண்டலம் என்று அழைக்கப்பட்ட அப்பகுதி சிறிது சிறிதாகத்தான் திறக்கப்பட்டது. கடைசி வேலி அகற்றப்பட்டது 2013 ஜூன் 30 அன்று. சரக்கும் கணக்குப் புத்தகங்களும் உள்ளே இருக்க, கடைக்காரர் வெளியே நின்ற அந்த மாதங்களைப் பற்றி உறுப்பினர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. காப்பீடு இருந்தவர்களுக்கும் இழப்பீட்டுப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்னதிர்வுகள் ஓயாததால் புதிய கட்டடத்துக்கு நிலநடுக்கக் காப்பீடு கிடைப்பதே அரிதாக இருந்தது. காப்பீடு இல்லையென்றால் வங்கிக் கடனும் இல்லை. 2011 ஜூன் 13 அன்று வந்த பெரிய பின்னதிர்வுக்குப் பிறகு, எங்களிடம் பேசிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் பேச்சையே நிறுத்திக்கொண்டது. அதன்மீது நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் நிரந்தரக் கட்டடம் பற்றி ஏன் ஒரு வரியும் முன்னேறவில்லை என்று கேட்ட உறுப்பினர்களுக்கு இதுவே விடை.

அப்போது நம்மைக் காப்பாற்றியவை சரக்குக் கன்டெய்னர்கள். நகர மையத்தின் சொத்து உரிமையாளர்கள் சிலர் முன்னெடுக்க, நிலநடுக்க நிவாரண அறக்கட்டளை 33.6 லட்சம் நியூசிலாந்து டாலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க, கேஷல் தெருவில் வண்ணம் பூசிய கன்டெய்னர்களை அடுக்கி ரீஸ்டார்ட் கடைவளாகம் எழுந்தது. 27 கடைகளுடன் 2011 அக்டோபர் 29 அன்று அது திறக்கப்பட்டது. அதே நாளில் பக்கத்து மூலையில் பேலன்டைன்ஸ் பல்பொருள் அங்காடியும் மீண்டும் திறந்தது. இவ்விரண்டும் ஒரே நாளில் திறந்ததன் பொருளை வணிகர்கள் எளிதில் உணர்வார்கள். பெரிய அங்காடி இல்லாமல் சிறுகடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். அதைச் சுற்றிக் கடைகள் இல்லாமல் பெரிய அங்காடியும் தனித்து நிற்க முடியாது. ரிக்கார்ட்டன் போன்ற புறநகர்ப் பேரங்காடிகளில் இலவச வண்டி நிறுத்தத்துக்குப் பழகிவிட்ட மக்களை நடுநகருக்குத் திரும்ப அழைக்க வேண்டுமென்றால் அந்த ஆண்டே ஏதாவது திறந்திருக்க வேண்டும், ஐந்தாண்டு கழித்துப் பளிங்கில் கட்டிப் பயனில்லை என்ற வாதம் அன்று பொதுக்குழுவில் வாக்குவாதத்துக்குப் பிறகே ஏற்கப்பட்டது. அது சரியான முடிவென்று காலம் காட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸ் வாங்கல் உச்சத்தில் இருந்தபோது மீண்டும் நிலம் ஆடி எல்லோரும் வெளியேற நேர்ந்தது. அதற்குப் பிறகும் கடைக்காரர்கள் திரும்பினார்கள், வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த வளாகம் இடம் மாறி, சுருங்கி, 2018 ஜனவரி வரை நீடித்தது.

நிலத்துக்கு வருவோம், இதுவே இப்பணியின் கடினமான பகுதி. மக்களின் கருத்தைக் கேட்க நகர மன்றம் 2011-இல் நடத்திய இயக்கத்தில் 1,06,000 யோசனைகள் குவிந்தன. பசுமை, உயரம் குறைந்த கட்டடங்கள், நடந்து செல்லத் தகுந்த தெருக்கள் ஆகியவற்றையே பெரும்பாலோர் கேட்டிருந்தார்கள். பிறகு அரசின் மீட்பு ஆணையம் திட்டமிடும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 2012 ஜூலை 30 அன்று நடுநகருக்கான முழு வரைபடத்தை வெளியிட்டது. உயரம் பெரும்பாலும் 28 மீட்டருக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. சில்லறை வணிகத்துக்கென ஒரு வட்டாரம் குறிக்கப்பட்டு, அதில் கட்ட விரும்புவோர் குறைந்தது 7,500 சதுர மீட்டர் பரப்புக்கு ஒன்றுபட்ட வளர்ச்சித் திட்டத்தை முன்வைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கிழக்கிலும் தெற்கிலும் நிலத்தை அரசே கையகப்படுத்தி, நடுநகரைச் சுருக்கி, பரந்து கிடந்த வணிகத்தை ஓரிடத்தில் நெருக்கிவைப்பது நோக்கம்.

அந்த நோக்கத்தை இக்குழு மதிக்கிறது. சிறுசிறு மனைகளாகத் துண்டுபட்டுக் கிடந்த பழைய கடைவீதியில் பின்பக்கச் சரக்கு வழியோ குறுக்குச் சந்துகளோ சீராக இல்லை. தனித்தனியே கட்டியிருந்தால் பழைய குறைகளே திரும்பியிருக்கும். ஆனால் ஒரு சிறிய முகப்புள்ள மனையின் உரிமையாளருக்கு 7,500 சதுர மீட்டர் என்பது எட்டாத தொலைவு. அக்கம்பக்கத்தாரோடு சேர வேண்டும், அல்லது விற்றுவிட்டுப் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்த வாரிசுகள், காப்பீட்டுத் தகராறில் சிக்கிய பங்காளிகள், அடமானத்தை விடுவிக்க மறுத்த கடன்காரர்கள் என ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னும் ஒரு குடும்பக் கதை இருந்தது. இணைவதற்கு ஒப்பாமல் விற்றுச் சென்ற உறுப்பினர்களைப் பற்றி அப்போது சில கூட்டங்களில் கடுமையான சொற்கள் பேசப்பட்டன. வருமானமே இல்லாத மூன்றாவது ஆண்டில் அவர்கள் எடுத்த முடிவு அது. அந்தச் சொற்களுக்காக இக்குழு எழுத்தில் வருத்தம் தெரிவிக்கிறது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நகரின் கீழே மணலும் வண்டலும் சரளையும் ஒழுங்கின்றி மாறி மாறிக் கிடக்கின்றன. நிலத்தடி நீரோ மிக மேலே நிற்கிறது. குலுக்கும்போது நீர் நிறைந்த மணல் தன் பிடியை இழந்து குழம்பாகிவிடுகிறது. அதனால்தான் இடியாமல் நின்ற கட்டடங்களும் சாய்ந்தன. ஆழத்தில் உள்ள கெட்டியான ரிக்கார்ட்டன் சரளைப் படிவம் வரை தூண் அடித்தால் போதுமே என்று பலர் கேட்டார்கள். அந்தப் படிவம் ஊற்றழுத்தம் கொண்ட நீர்த்தாங்கி, அதாவது நீரை அழுத்தத்தோடு அடக்கிவைத்திருக்கும் நில அடுக்கு. கவனமின்றித் துளைத்தால் நீர் மேல்நோக்கிப் பீறிட்டுச் சுற்றியுள்ள மண்ணையே தளர்த்திவிடும். பொறியாளர்களின் அறிவுரைப்படி, மேல் மண்ணில் சரளைத் தூண்களைத் திணித்து இறுக்கி, அதன்மேல் கட்டடம் முழுவதையும் ஏந்தும் ஒரே கனத்த காங்கிரீட் தளத்தை அடித்தளமாக அமைத்தோம். செலவு கூடியது. மண் ஆய்வுக்குப் போதிய துளைகள் இடாமலே முதல் மதிப்பீட்டைப் பொதுக்குழுவின் முன் வைத்தது எங்கள் தவறு. இரண்டாவது முறை உறுப்பினர்களிடம் பணம் கேட்க நேர்ந்ததற்கு அதுவே காரணம், விலைவாசி மட்டுமல்ல.

கட்டடத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு வலுவான அதிர்வுக்குக் கட்டடத்தை வடிவமைக்க வேண்டும் என்பதைக் கணக்கிட உதவும் நிலநடுக்க ஆபத்துக் காரணி, 2011 மே மாதமே இப்பகுதிக்கு 0.22-இலிருந்து 0.3 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. எனவே பழைய கணக்கில் எதுவும் கட்ட இயலாது. அதிர்வு மேலே ஏறாமல் குறைக்கப் பெரும் கட்டடங்கள் சிலவற்றின் அடியில் வைக்கப்பட்ட ஈயமும் ரப்பரும் கலந்த தாங்கிகள் நியூசிலாந்திலேயே உருவானவை. அவற்றை வைக்கும் வசதி நமக்கில்லை. ஆகவே எஃகுச் சட்டமும், அதிர்வின்போது தாமே நெளிந்து ஆற்றலை விழுங்கும் குறுக்குத் தண்டுகளும் வைத்தோம். பெரிய அதிர்வுக்குப் பிறகு அத்தண்டுகளை மட்டும் கழற்றி மாற்றலாம். செங்கல் முகப்பைப் பழைய அழகோடு வேண்டுமென்ற கோரிக்கையை நாங்கள் ஏற்கவில்லை. பிப்ரவரி 22 அன்று அந்த நடைபாதையில் நின்றவர்கள் யாரும் தலைக்கு மேல் கனத்த செங்கல்லை மறுபடி ஏற்றிவைக்க ஒப்பமாட்டார்கள்.

படிக்கட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறோம். கொலம்போ தெருவும் ஆர்மா தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த ஓர் உயரமான அலுவலகக் கட்டடம் அன்று நிமிர்ந்தே நின்றது. ஆனால் உள்ளே படிக்கட்டுகள் இடிந்து விழுந்து, மேல்தளங்களில் இருந்தவர்கள் இறங்க வழியின்றிச் சிக்கினார்கள். மாடிகள் ஒன்றுக்கொன்று விலகி ஆடும்போது படிக்கட்டின் ஒரு முனை நழுவ இடம் வேண்டும். அந்த இடைவெளி போதாமலும் சில இடங்களில் அடைபட்டும் இருந்திருக்கலாம் என்பது விசாரணைகளில் தெரியவந்தது. நம் கட்டடத்தில் ஒவ்வொரு படிக்கட்டின் கீழ்முனையும் தரையோடு பிணைக்கப்படாமல், தாராளமான இடைவெளியுடன் தாங்கியின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறது.

கடைகளின் அமைப்பில் ஒன்றை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முகப்பு முழுவதையும் இரண்டு பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்தால் வாடகை உறுதி, வங்கிக்கும் நிம்மதி என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். குறுகிய முகப்புகளையே வைப்பது, நடுவே வடக்கு வெயில் விழும்படி ஒரு சந்து விடுவது, கிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு அதன் வாயைத் திருப்பாமல் இருப்பது என்று பொதுக்குழு தீர்மானித்தது. சந்தில் மக்கள் உட்காருகிறார்கள். அருகில் 2015-இல் திறந்த பேருந்து நிலையமும், 2019 செப்டம்பர் 30 அன்று திறந்த ரிவர்சைடு சந்தையும் கொண்டுவரும் கூட்டத்தில் ஒரு பகுதி அவ்வழியாகவே கடக்கிறது.

ஆயினும் கன்டெய்னர் கடைகளில் நம்மோடு இருந்தவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. புதிய கட்டடத்தின் வாடகை பழைய செங்கல் கட்டடத்தின் வாடகையாக இருக்க முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். திரும்பும் சிறுகடைகளுக்கு முதல் ஆண்டுகளில் படிப்படியாக உயரும் வாடகை என்ற ஏற்பாட்டைச் செய்தோம்; அது சிலருக்குப் போதவில்லை. தையற்கடையும் பழைய புத்தகக் கடையும் புறநகரிலேயே தங்கிவிட்டன. பணி நிறைவு என்று நாங்கள் எழுதும்போது, அந்தக் கதவுகள் இங்கே இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். காலியாக இருக்கும் பின்பக்கச் சிறு அறைகளை அவர்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்பது புதிய நிர்வாகக் குழுவுக்கு எங்கள் பரிந்துரை.

வரைபடங்கள், மண் ஆய்வு முடிவுகள், பொறியாளர்களின் கணக்குகள், அடித்தளம் போட்டபோது எடுத்த படங்கள் ஆகியவை இரண்டு படிகளாகச் சங்க அலுவலகத்திலும் வழக்கறிஞரிடமும் வைக்கப்பட்டுள்ளன. ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைதீர் காலம் முடியும்வரை கசிவு, விரிசல் எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கவும். உள்ளலங்காரம் செய்யும் உறுப்பினர்கள் ஒன்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும்: படிக்கட்டின் அடியிலும், பக்கத்துக் கட்டடத்துக்கும் நம் சுவருக்கும் நடுவிலும் விடப்பட்டுள்ள இடைவெளிகள் வேலை முடியாமல் விட்டவை அல்ல. தரைக்கல் பதிப்பவர் அழகுக்காக அவற்றைச் சிமென்ட் கொண்டு பூசிவிடாமலும், யாரும் அங்கே சரக்கு அடுக்காமலும் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, இக்குழு தன் பொறுப்பைப் பொதுக்குழுவிடம் திருப்பி ஒப்படைக்கிறது.

இவண்,
கட்டுமானப் பணிக் குழுவினர்