சின்னம் தெரிகிறது, தீர்மானம் தெரியவில்லை

ஆசிரியருக்கு,

2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்த, பெரிய பொருளாதார நாடுகளின் கூட்டமைப்பான ஜி-20-இன் உச்சி மாநாடு குறித்த உங்கள் தலையங்கம் படித்தேன். ஓராண்டாக அரசு செய்த விளம்பரத்துக்குக் குறைவே இல்லை. நூறு நினைவுச் சின்னங்களில் விளக்கு, ஊரெங்கும் தாமரைச் சின்னத்துடன் பதாகைகள். அதெல்லாம் சரி, மாநாட்டில் என்ன முடிவானது என்பதைச் சாதாரண ஆளுக்குச் சொன்னார்களா? செப்டம்பர் 9 அன்று ஏற்கப்பட்ட பிரகடனத்தில் 83 பத்திகள். ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினரானது, 2030-க்குள் உலகின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திறனை மூன்று மடங்காக்கும் முயற்சிக்கு ஆதரவு, சிறுதானிய ஆராய்ச்சி என்று நம் விவசாயி வரை தொடுகிற சங்கதிகள் அதில் இருக்கின்றன. பதாகையில் அவற்றுக்கு இடமில்லை.

ஜி-20 கல்விக் குழுவின் முதல் கூட்டமே அந்த ஆண்டு ஜனவரி கடைசியில் சென்னையில்தான் தொடங்கியது. பிரதிநிதிகள் மாமல்லபுரம் போன படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. எங்கள் ஊர்ப் பள்ளி வினாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். மாநாட்டு முழக்கத்தைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். சென்னையில் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டதும் அரங்கமே அமைதி, ஆசிரியர்கள் உட்பட. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், கைக்கு வந்தது சுவரொட்டி மட்டும்தானே. முக்கிய முடிவுகளையும் அதில் இந்தியா ஏற்ற பொறுப்புகளையும் எளிய தமிழில் இரண்டு பக்கமாக அச்சிட்டு நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பலாம், அப்படியே சிறுதானியப் பகுதியை அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கவும் செய்யலாம்.