ஏழு மீட்டர் விலக்கும் நங்கூர விளக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு மீட்டர் நீளத்துக்குக் குறைந்த படகுகளுக்கு நங்கூர விளக்கே தேவையில்லை என்ற எண்ணம், ஆறுகளிலும் ஏரிகளிலும் படகோட்டுவோரிடம் வேரூன்றியிருக்கிறது. நங்கூரமிட்டு நிற்கும் படகு இரவில் ஏற்ற வேண்டிய விளக்கைப் பற்றிய விதியைப் பாதி மட்டும் அறிந்ததால் வந்த எண்ணம் இது.

1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 30ஆம் விதி நங்கூரமிட்ட கலங்களைப் பற்றியது. அதன்படி, 50 மீட்டருக்குக் குறைந்த கலம், எல்லாத் திசைகளிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கை, சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை, நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் ஏற்றி வைத்தால் போதும். ஏழு மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விலக்கு உண்டுதான்; ஆனால் குறுகிய கால்வாய், கப்பல் தடம், நங்கூரமிடும் இடம், பிற கலங்கள் வழக்கமாகச் செல்லும் நீர்ப்பரப்பு ஆகியவற்றிலோ அவற்றின் அருகிலோ நிற்கும்போது அந்த விலக்கு செல்லாது. உள்நாட்டு நீர்வழிகளுக்கு அந்தந்த அரசுகள் தனி விதிகள் வகுக்கலாம் என்றாலும், கடலோடு இணைந்த நீர்வழிகளில் அவை சர்வதேச விதிகளை இயன்றவரை ஒட்டியே அமைய வேண்டும். படகுகள் ஓயாமல் போய்வரும் ஓர் ஆற்றில், இந்த நான்கிலும் சேராத இடம் எத்தனை அடி இருக்கும்?

நிலவில்லாத ஓர் இரவில் விசைப்படகை மெதுவாக ஓட்டி வந்தபோது, முன்னால் ஏதோ ஒன்றின்மேல் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டு இயந்திரத்தை நிறுத்தினேன். டார்ச் ஒளியில், பதினைந்தடி தூரத்தில், சாம்பல் நிறப் படகொன்று நங்கூரக் கயிற்றை இழுத்தபடி அசைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டதற்கு, "சின்னப் படகுக்கு விளக்கு வேண்டாம்னு விதியே இருக்குங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் முழு விதியையும் சொல்லவில்லை.

விளக்கு வைப்போரிலும் சிலர் தவறான விளக்கை எரியவிடுகிறார்கள். சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளை அணைக்காமல் விட்டால், எதிரே வருபவர் படகு ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணி, அது விலகும் என்று காத்திருப்பார். அறைக்குள் தொங்கும் அரிக்கேன் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் நங்கூர விளக்குகூட இரண்டு கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்கிறது விதி. உயரமான பாய்மர உச்சியில் வைத்த விளக்கோ, தாழ உட்கார்ந்து ஓட்டுபவர் கண்ணுக்கு, பக்கத்தில் வந்த பிறகு நட்சத்திரம்போல் மேலே போய்விடுகிறது. பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பழைய காரணமும், ஓரிரு வாட்டில் இரவு முழுதும் எரியும் எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் எடுபடாது.

படகுப் பதிவுச் சான்றிதழ் வழங்கும் அதிகாரிகள், இந்த விலக்கின் முழு வாசகத்தையும் அதன் பின்பக்கத்தில் தாய்மொழியில் அச்சிட்டுத் தரவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகோட்டும் வாசகர் ஒருவர்