அப்பாயிக்கு ஞாபகச் சோதனை வைக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

தீபாவளிக்கு வரும்போது அப்பாயிக்கு அந்த 30 மதிப்பெண் ஞாபகச் சோதனையை (MMSE என்பார்கள்) வைத்துப் பார்க்கணும் என்றாய். நல்லது, வை. ஆனால் எத்தனை வாங்கினார் என்பதைவிட எப்படி மறக்கிறார் என்று கவனி.

மூன்று சொல் சொல்: முறம், மாதுளை, ரயில். நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வை. வராவிட்டால் மறுபடி சொல்லிக்கொடு. காதில் விழாததை மறந்ததாக எழுதிவிடக் கூடாது. அவருக்கு இடது காது மந்தம், வலப்பக்கம் உட்கார். அப்புறம் ஐந்து நிமிஷம் சும்மா விடாதே. விட்டால் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அது நாக்கு நுனியில் பிடித்து வைத்திருப்பதுதான், மனசில் பதிந்தது ஆகாது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். கணக்கு வராதென்றால் சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமையைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்.

பிறகு கேள். ஒன்று விட்டுப்போனால், "ஒரு பழம் சொன்னேனே அப்பாயி" என்று எடுத்துக்கொடு. "ஆமா, மாதுளை" என்றால் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. வயசானாலும், தூக்கம் கெட்டாலும், மனசு சோர்ந்தாலும் இப்படி வரும். "கொய்யாவா, மாதுளையா, சப்போட்டாவா" என்ற பிறகும் "பழம் எப்ப சொன்னே?" என்று கேட்டால் பதியவே இல்லை. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். எடுத்துக்கொடுத்து வந்ததற்கு மதிப்பெண் இல்லை, ஆனாலும் ஓரத்தில் குறித்துவை.

பதினைந்து புள்ளிக் கோலம் இன்னும் பிசகாமல் போடுகிறார், 1977 புயலை நேற்று நடந்த மாதிரி சொல்கிறார் என்று தேறிவிடாதே. புயல் எப்போதோ பதிந்த பழைய ஞாபகம், நாம் பார்ப்பது புதிதாகப் பதிகிறதா என்று. கைப்பழக்கத்துக்கோ மூளையில் வேறு இடம். 1953-ல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும், புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய நாளுக்கு நாள் தேறினார், முன்தினம் வரைந்ததே தெரியாமல்!

தேதி, இடம் கேட்பதற்கு மட்டும் 10 மதிப்பெண். இங்கிலீஷ் தேதி கேட்டால் அப்பாயி தோற்பார். ஐப்பசி எத்தனை, அமாவாசை என்றைக்கு, தாளடி நட்டாச்சா என்று கேள், டாண் டாண் என்று பதில் வரும். வாசிக்க, எழுத, ஐங்கோணம் வரைய என்று இன்னும் 3. இரண்டாம் வகுப்போடு நின்றவருக்கு அது ஞாபகத்தின் குறையல்ல. ஆனால் கேள்வியை நீ மாற்றிவிட்டால் 30-க்கு 24-க்குக் கீழே வாங்கினால் மறதிநோயோ என்று சந்தேகப்படும் கணக்கும் செல்லாது. மதிப்பெண் போடாமல் அவர் சொன்னதை அப்படியே எழுதிவை. அடுத்த தடவை வேறு சொற்களை எடு. அத்தை பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொடுத்துவிடுவாள், அவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பு.

தடுமாற்றம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். சிறுநீர்த் தொற்றே அப்படிச் செய்யும். மெதுவாக வந்ததென்றாலும் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு முதலில் பார்க்கணும். தூக்க மாத்திரையும் மறக்கடிக்கும். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வைக்கிறேன், டாக்டரிடம் போகும்போது உன் குறிப்போடு எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
அம்மா