மலைக்கு வருவோர் டிக்கெட் எடுக்க ஒரு பலகையாவது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் தொடங்கிவிட்டால் இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) செய்தி இல்லாமல் நாளிதழ் வருவதில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை என்ற தகவல் அந்தச் செய்திகளின் கடைசி வரியில்தான் இருக்கும். முதல் வரியில் வர வேண்டிய தகவல் அது. இரண்டு மூன்று நாளுக்கு வரும் குடும்பங்கள் பேருந்தை விட்டு டாக்சிக்குப் போவது சொகுசுக்காக மட்டும் இல்லை. எந்த வண்டி, எங்கே டிக்கெட், எவ்வளவு சில்லறை என்று சொல்ல இங்கே ஆளும் இல்லை, பலகையும் இல்லை.

எல்லோரும் முதலில் கேட்பது மலை ரயிலைத்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பாதை. செங்குத்தான இடத்தில் 12.28 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டும். நீராவி எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. நான்கைந்து பெட்டிக்கு மேல் அதனால் தள்ள முடியாது. அதனால்தான் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டியில் இடம் அவ்வளவு அரிது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாள். பழைய கணக்கை நம்பித் தேதி பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில், திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டுமே இணையத்தில் எடுக்கலாம் என்ற விதி வந்தது. 2026 ஜனவரியில் அது திறக்கும் நாள் முழுதுக்கும் நீண்டது. ஆதார் சரிபார்ப்பை முந்தைய வாரமே செய்து வைக்க வேண்டும். 8 மணிக்கு உட்கார்ந்து ஆதார் எண்ணை இணைக்கப் பார்த்தால் இடம் போய்விடும். நிலையத்தின் பெயர் ரயில்வே கணக்கில் உதகமண்டலம், குறியீடு யுஏஎம். மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர். ரயில் எண் 0-வில் தொடங்கினால் அது சிறப்பு ரயில். அதன் கட்டணம் வேறு, கூடுதலாகவே இருக்கும். பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

காத்திருப்போர் பட்டியலில் ஏமாறுவோர்தான் அதிகம். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே நின்றால் அது தானாக ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். டிக்கெட் எடுத்தபோது வந்த குறுஞ்செய்தியைக் காட்டி வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான். கவுண்டரில் எடுத்த காகித டிக்கெட் அப்படித் தானாக ரத்தாகாது. ரயில் புறப்பட அரை மணி நேரம் இருக்கும்வரைதான் அதை ரத்து செய்து பணம் வாங்க முடியும். தங்குமிடத்தில் யாரோ "என்னிடம் இருக்கிறது" என்று வேறு பெயரில் உள்ள டிக்கெட்டை விற்றால் வாங்கவே கூடாது. பெயரும் அசல் அடையாள அட்டையும் பொருந்தாவிட்டால் அந்த டிக்கெட் செல்லாது.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வண்டிக்கும் மலை ரயிலுக்கும் இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் (முன்பதிவு) எண்களையும் இணைத்துவிட்டால், முதல் வண்டி தாமதமாகி மலை ரயில் தவறும்போது இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு இரண்டிலும் பயணிகளின் பெயர், வயது ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "எஸ். குமார்", மற்றதில் "குமார் எஸ்." என்று எழுதினால் சிக்கல்தான். கோவையில் தங்கியவர்கள் காலை மெமு (குறுந்தூர மின்சார) ரயிலை நம்பக் கூடாது. 7.10 வண்டியைப் பிடிக்கும் நேரத்துக்கு மெமு இல்லை. அதிகாலைப் பேருந்து அல்லது அதே நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வழி.

வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து ரயில் நிற்பது மலையில் வழக்கம். வண்டி முழுதாக ரத்தானால் இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும். கவுண்டர் டிக்கெட்டை மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் வைத்துவிட்டால் மூன்று நாளும் பறந்துவிடும்.

கீழிருந்து இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. குன்னூர் வரை பேருந்தில் ஏறிவந்து, அங்கிருந்து உதகைக்கு ரயிலில் போகலாம். இந்தப் பகுதியில் ஒரு நாளைக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன. முன்பதிவில்லாப் பெட்டிக்கு அன்றன்றே கவுண்டரில் டிக்கெட் தருகிறார்கள். குன்னூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்தான். உதகையிலும் அப்படியே. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் இந்தத் துண்டே பலருக்குப் போதும்.

இனி பேருந்து. மேட்டுப்பாளையம் நிலையத்தில் "ஊட்டி" என்ற பலகையைத் தேடி நிற்கிறவர்களைக் காலையில் தினமும் பார்க்கலாம். பலகையில் இருப்பது "உதகை". பக்கத்தில் சின்ன எழுத்தில் "வழி" என்று ஓர் ஊர் இருக்கும். குன்னூர் வழியும் உண்டு, கோத்தகிரி வழியும் உண்டு. குன்னூரில் அறை எடுத்தவர்கள் கோத்தகிரி வழி வண்டியில் ஏறிவிட்டால் வழியில் இறங்கி, வேறு வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். இரண்டு டிக்கெட், அரை நாள் வீண். மலையாளமும் கன்னடமும் பேசும் விருந்தினர்கள் இவ்வளவு பேர் வரும் நிலையத்தில் அந்த ஓர் ஊர்ப் பெயரை நான்கு மொழியில் எழுத எவ்வளவு பெயிண்ட் செலவாகும்?

டிக்கெட் வண்டிக்குள்தான். கண்டக்டர் கையிலுள்ள கருவியில் கியூஆர் மூலம் பணம் கட்டும் வசதி வந்திருக்கிறது. ஆனால் பர்லியாறு தாண்டி மலை மடிப்புக்குள் போனதும் சிக்னல் நின்று நின்று வரும். பணம் கணக்கில் கழிந்திருக்கும், கருவியில் டிக்கெட் வராது, பின்னால் நாற்பது பேர் காத்திருப்பார்கள். வண்டி கிளம்புமுன்பே கட்டிவிட வேண்டும், இல்லையேல் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் மீதித் தொகையை டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுப்பார். அது வாங்க வேண்டிய பாக்கி. இறங்கும் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கேட்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் அந்த எண்ணின் அர்த்தம் தெரியாமல் டிக்கெட்டைக் கசக்கி எறிவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. டிக்கெட் மெல்லிய வெப்பத்தாள். மழைக் கோட்டுப் பையில் ஈரத்தோடு மடித்து வைத்தால் எழுத்து மங்கிவிடும். பரிசோதகர் ஏறினால் மங்கிய தாளை வைத்து வாதாட முடியாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை, 12 வயது வரை அரை டிக்கெட். பெரிய சூட்கேசுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கலாம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024 முதல் மலைப் பகுதியின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கும் வந்துவிட்டது. கோவை போகும் வெளியூர் வண்டிக்கு அது பொருந்தாது. எது எந்த வண்டி என்று ஏறுமுன் கேட்பது உத்தமம்.

ஊருக்குள் சுற்றவும் வழி உண்டு. பைக்காராவுக்குக் கூடலூர் வண்டி. தொட்டபெட்டாவுக்குக் கோத்தகிரி வண்டியில் போய்ப் பிரிவில் இறங்கினால் அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மேட்டில் நடக்க வேண்டும். முதியவர்கள் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். மைசூரு வழியாகத் திரும்புவோர், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதை மறந்து மாலை வண்டிக்குக் காத்திருக்கக் கூடாது.

சீசனில் போக்குவரத்துக் கழகம் விடும் சுற்றுப்பேருந்து அருமையான ஏற்பாடு. பெரியவருக்கு 100 ரூபாய்ச் சீட்டு. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா என்று நாள் முழுதும் ஏறி இறங்கலாம். ஆனால் சீசன் முடிந்ததும் வண்டிகள் போய்விடுகின்றன. சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர். அதைப் பழகியவர்கள் இங்கே வந்து செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். அந்த அளவுக்கு நாங்கள் கேட்கவில்லை.

கேட்பது மூன்றுதான். சுற்றுப்பேருந்தின் நாள் சீட்டை, இரண்டு வண்டிகளோடாவது, ஆண்டு முழுதும் சனி ஞாயிறில் தர வேண்டும். மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை நிலையங்களில் வழி, கட்டணம், கடைசி வண்டி நேரம் எழுதிய நான்கு மொழிப் பலகை வைக்க வேண்டும். இ-பாஸ் பதிவு செய்யும் இணையப் பக்கத்தின் உச்சியிலேயே "பேருந்தில் வந்தால் இது தேவையில்லை" என்று எழுதி, வண்டி நேரத்தையும் சேர்க்க வேண்டும். அடுத்த ஏப்ரலுக்குள் இவற்றைச் செய்ய மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் முன்வர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பேருந்தில் போய்வரும் வாசகர்கள்,
குன்னூர், நீலகிரி.