இடிப்பதற்கு முன் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்துவிட்டது என்பதற்காக அவர் வீட்டை இடிக்க அரசு நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்றும், 15 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றும், மீறும் அதிகாரியே தன் சொந்தப் பணத்தில் இழப்பை ஈடுசெய்ய நேரிடும் என்றும் 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பிரயாக்ராஜில் 2021 மார்ச்சில் நோட்டீஸ் கைக்குக் கிடைத்த மறுநாளே வீடுகள் தரைமட்டமாயின. மேல்முறையீட்டுக்குக்கூட அவகாசம் தரப்படவில்லை. அந்த வீடுகளை இழந்தவர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க 2025 ஏப்ரலில் உத்தரவிட்டபோது, வேறோர் இடிப்பின்போது புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய சிறுமியின் காணொளியையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. நான்கு ஆண்டுகள் வீடின்றி அலைந்ததற்கு இந்தத் தொகை ஈடாகாது. நோட்டீஸ்களை வெளியிட ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் இணையதளம் அமைக்க வேண்டும் என்ற உத்தரவையாவது மாநில அரசுகள் முழுமையாக நிறைவேற்ற வேண்டும்.

– வாசகர், மதுரை