அந்த அண்டாவைப் பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் இந்தப் பழைய சாமான் கடையைத் திறந்து 19 வருஷமாகிறது. பொங்கலுக்கு முன்னால், "போகியில் கொளுத்த வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டு அடிப்பதோடு சரி, இதுவரை மடல் என்று எதுவும் எழுதியதில்லை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் பித்தளை அண்டா கொடுத்த ஒரு அம்மா என்னைக் குறை சொல்லிப் பேசிய குரல் பதிவு இரண்டு மூன்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு, போன வாரம் என் மனைவியின் அக்கா மூலமாக எனக்கே வந்து சேர்ந்தது.

பேசிய அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்திருந்தார்கள். நாற்பது வருஷத்துச் சாமானைப் பத்து நாளில் காலி செய்ய வேண்டிய நிலை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்கள், எடுத்து வந்தோம். அதில் அந்தப் பித்தளை அண்டாவும் இருந்தது. அதை எடைக்கு வாங்கி ஐந்து மடங்கு விலைக்கு விற்றுவிட்டேன் என்பது பதிவில் உள்ள முதல் குற்றச்சாட்டு.

கணக்கு நோட்டு கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அண்டா சரியாக 12 கிலோ. கிலோ 400 ரூபாய் வீதம் 4,800 ரூபாயை அன்றே கையில் கொடுத்தேன். ஒரு பக்கக் காது ஆடியது, அடியில் ஒடுக்கு இருந்தது. அதைத் தட்டிச் சரிசெய்து ஆணி அடிக்க 350, உள்ளே ஈயம் பூச 900, பாலிஷுக்கு 400. ஆக, எனக்கு அடக்கம் 6,450. ஐந்து மாதம் கடை முன்னால் கிடந்த பிறகு 9,500-க்குப் போனது. இது எப்படி ஐந்து மடங்காகும்? லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. லாபத்துக்குத்தானே கடை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கமிஷனுக்கு வைத்தால், அதாவது நாங்கள் விற்றுக் கொடுத்துக் கமிஷன் மட்டும் எடுத்துக்கொண்டால், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் விற்கிறவரை காத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது, டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சொல்ல விட்டுப்போனது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு விற்றார்" என்று சொன்னதுதான் இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

பழைய பாத்திரம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாணச் சீர் பாத்திரத்தில் விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருக்கும். மெஷின் வருவதற்கு முந்திய காலத்துப் பெயர் என்றால், சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுதியிருப்பார்கள். இந்த அண்டாவில் இரண்டு எழுத்தும் ஒரு தேதியும் இருந்தன. தேதியில் வருஷம் 58. வெட்டியவருக்கு 8 சரியாக வரவில்லை போலிருக்கிறது, இரண்டு பூஜ்யத்தை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த மாதிரி இருக்கும். இத்தனையும் எனக்கு ஞாபகம் இருப்பதே, அதை நான் அழிக்கவில்லை என்பதால்தான். பாலிஷ் போட அனுப்பும்போது அந்த இடத்தில் சக்கரம் படக் கூடாது என்று துணி கட்டித்தான் அனுப்பினேன். வாங்க வந்தவர் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் ஒரு ரிசார்ட்டிலிருந்து வந்திருந்தார். வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவார்களாம். "பேரை எடுத்துக் கொடுங்க, இன்னும் ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்" என்று அவர்தான் கேட்டார். முடியாது என்றேன். வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ஏற்றி அனுப்பினேன். அழிக்கிறவன் அந்த ஐந்நூறை ஏன் விட வேண்டும்?

நம் கடையைக் காயலான் கடை என்றும் அந்தப் பதிவில் சொல்லியிருக்கிறார்கள். காயல்பட்டினத்து வியாபாரிகளை வைத்து வந்த பெயர் என்பார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பாத்திரத்தை நசுக்கி உருக்க அனுப்புவார்கள், இங்கே ஈயம் பூசி அடுப்பில் ஏற்றுகிற மாதிரி கொடுக்கிறோம்.

விலை விஷயத்தில் வருத்தம் வருவது எனக்குப் புரியாமல் இல்லை. "வாங்கும்போது அறுபதாயிரம் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். தேக்குக் கட்டில் என்றால் நான் மறுபேச்சே பேசமாட்டேன். போல்ட்டைக் கழற்றி, கொண்டுபோய், திரும்ப முறுக்கினால் இன்னொரு தலைமுறை படுக்கும். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வார்ட்ரோபை ஒரு முறை கழற்றினாலே ஸ்க்ரூ ஓட்டை பொடிந்துவிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், டெம்போவிலிருந்து இறக்கும்போது மூலை உதிரும். அதற்கு நான் என்ன விலை போடுவது? பின்பக்கம் புடைத்த பழைய டிவியும் இப்படித்தான். அண்டாவுக்குப் பூசுவது வெள்ளீயம். அந்த டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் இருப்பது காரீயம், உடைத்துக் குப்பையில் போட முடியாது. மின்கழிவு எடுக்கிறவர்களிடம்தான் போக வேண்டும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச டிவி, 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இவற்றை இன்னமும் கொண்டுவருகிறார்கள். அரசு முத்திரையோடு வரும் எதையும் நாங்கள் வாங்குவதில்லை. மெத்தை, தலையணை வேண்டவே வேண்டாம்.

நம்மைவிட ஆன்லைனில் போட்டால் நல்ல விலை வரும் என்கிறீர்கள். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வரலாம், அதை மறைக்கமாட்டேன். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். நம் வாடிக்கையாளர் ஒருவர் சோபா விற்கப் போய் இப்படி ஒன்பதாயிரத்தை இழந்தார். சோபா இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

கடைப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். பதினான்கு வருஷமாக நம்மோடு இருந்த ஆசாரி சித்திரையில் வேலையை விட்டுவிட்டார். மாடுலர் கிச்சன் வேலையில் இரண்டு மடங்கு சம்பளம், நான் எப்படிப் போக வேண்டாம் என்பேன்? அவருக்குப் பதில் வந்த தம்பி பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உங்களில் சிலருடைய ஈஸிசேர் இன்னும் வரவில்லை. குடோன் வாடகையும் ஏறிவிட்டது, டெம்போ வாடகையைக் கேட்கவே வேண்டாம். எனவே அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து கமிஷன் நூற்றுக்கு 20 என்பது 30 ஆகிறது, வண்டிச் செலவு தனி, 90 நாளில் விற்காததை நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது கடைக்குச் சேரும். ஏற்கெனவே வைத்திருக்கிறவர்களுக்குப் பழைய கணக்கே.

இவ்வளவு பேச்சுக்குப் பிறகும், இந்த வாரம் வழக்கம்போல் கூப்பிட்டு "பரணை காலி பண்றோம், எப்ப வர்றீங்க?" என்று கேட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குழுவிலேயே எனக்காகப் பேசிய ரிடையர்ட் தலைமையாசிரியருக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் கொடுத்த பீரோவில், இழுப்பறையில் விரித்திருந்த நியூஸ்பேப்பருக்கு அடியில் ஆயிரம் ரூபாய் நோட்டுகள் பதினொன்று இருந்தன. எல்லாம் 2016 நவம்பரில் செல்லாமல் போனவை. வெறும் தாள்தான், ஆனாலும் எண்ணிக் கவரில் போட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மனைவி ஒளித்து வைத்திருக்கிறார், அவர் இப்போது இல்லை. தலைமையாசிரியர் கவரை வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அண்டா கொடுத்த அம்மாவுக்கு: ரிசார்ட்காரரிடம் பேசி, பெயர் வெட்டியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் உங்கள் நம்பருக்கு அனுப்புகிறேன். உங்கள் சாமானோடு தவறி வந்துவிட்ட இட்லிக் கொப்பரை மூடி கல்லாவுக்குப் பின்னால் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. செவ்வாய் கடை விடுமுறை, மற்ற நாள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் வர வேண்டாம் என்றால் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சாமான் கடைக்காரர்,
நங்கநல்லூர்