வியாழன் ரத்தப் பரிசோதனை: எல்லாரும் படிக்கவும்

வணக்கம் அக்காமார்களே, தம்பிகளே. வரும் வியாழன் காலை 7.30க்கு சுங்கை சிப்புட் பஸ் ஸ்டாண்டில் கூடி, எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குச் சேர்ந்தே போகிறோம்.

1. ஐசி (அடையாள அட்டை) அவசியம். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே லீவு சொல்லிவிடுங்கள்.

2. எச்ஐவியோடு, உடலுறவில் பரவும் சிபிலிஸ் நோய்க்கான சோதனையும் கேளுங்கள். சிபிலிஸ் அறிகுறி இல்லாமலே உடம்பில் இருக்கலாம், மருந்தில் குணமாகும்.

3. ஆணுறை இல்லாத உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? வியாழன் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே மருத்துவமனைக்குப் போய், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

4. எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் நிறுத்தவே வேண்டாம். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவில் இருந்தால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. பயப்படுகிற துணையிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

வருபவர்கள் செவ்வாய் இரவுக்குள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். குழுவில் பெயர் வேண்டாம். அப்புறம், யாருடைய ரிசல்ட்டையும் யாரும் கேட்கக் கூடாது.